ஒரு நாள் சாப்பாடா, ஒரு வருடச் சம்பளமா?

“ஏனுங்ணா, ஆட்டிசப் புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு இருவத்தஞ்சாயிரம் குடுக்கலாம்னு இருக்கறேனுங்க. பையன் பொறந்த நாளுக்குக் குடும்பத்தோட போயிக் கேக் வெட்டி, விருந்து போட்டு, ஆளுக்கொரு துணி எடுத்துக் குடுத்துட்டு வந்துரலாமுங்களா?”

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் டீக்கடையில் கேட்டது இது. இதே எண்ணம் கொங்கு நாட்டில் பலருக்கு உண்டு. அரிசி ஆலைக்காரர், எண்ணெய் ஆலைக்காரர், பனியன் கம்பெனிக்காரர் என்று கொடுக்க மனசுள்ளவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எதற்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் தெளிவு போதவில்லை. அதனால் அன்று பேசியதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

“நல்ல மனசு தம்பி. ஆனா அந்தக் கேக்கும் கூட்டமும் வேண்டாமுங்க” என்றேன்.

“ஏனுங்ணா?”

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு நாள் என்பது ஒரு வரிசை. வந்ததும் செருப்பைக் கழற்றி இந்த இடத்தில் வைப்பது, பிறகு பாய், பிறகு பாட்டு, பிறகு தண்ணீர், பிறகு வேலை. அடுத்து என்ன என்று தெரிந்தால்தான் அவர்கள் மனம் நிலைகொள்ளும். அங்கே திடீரென்று முன்பின் தெரியாத இருபது பேர் நுழைகிறார்கள். மைக்கில் பாட்டு, பலூன் வெடிக்கிறது, செல்போன் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. நமக்குச் சாதாரணமான சத்தம் அவர்களில் பலருக்குக் காதைக் குடைகிற வலி. ஒரு பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தயிர்ச் சோறு மட்டுமே சாப்பிடுகிற இன்னொரு பிள்ளை, பிரியாணி வாசத்தில் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடக்கும். விருந்து வைத்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குலைந்துபோன வரிசையை மறுநாள் சரிக்கட்டுவது டீச்சர் பாடு.

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எனக்கு இது தெரியாதுங்ணா. ஆட்டிசம்னா மூளை வளர்ச்சி கொறவுன்னுதான் நெனச்சிருந்தேன்.”

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆட்டிசம் என்பது மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு, பிறவியிலேயே இருப்பது. மற்றவரோடு கலந்து பழகுவது கடினம். மனதில் உள்ளதைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிப்பது கடினம். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் பிடிப்பு இருக்கும். ஒலி, ஒளி, தொடுகை, மணம் எல்லாம் நமக்கு எட்டுகிற அளவில் அவர்களுக்கு எட்டுவதில்லை. சிலருக்கு மிகுதியாக, சிலருக்குக் குறைவாக. ஒவ்வொரு குழந்தையிடமும் இவை ஒவ்வோர் அளவில் கலந்திருக்கும். ஒருவர் கல்லூரி முடித்து வேலைக்குப் போவார். இன்னொருவருக்குப் பதினைந்து வயதிலும் கழிப்பறை வேண்டும் என்று சொல்லத் தெரியாது. சிலருக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது.

இதை முதலில் தனியாக அடையாளம் கண்டு விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கேனர். 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதற்கடுத்த இருபது ஆண்டுகள் பெற்றவர்களுக்குக் கொடுமையான காலம். தாய் பாசத்தோடு வளர்க்காததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். 1964-இல், தானும் ஒரு ஆட்டிசக் குழந்தையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது உடல்வழி வருவது, வளர்ப்பின் பிழையல்ல என்று ஒரு புத்தகமே எழுதி அந்தப் பழியை உடைத்தார். தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் ஒரு கட்டுரை கிளப்பிவிட்ட பயமும் அதே போலத்தான்; வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

ஆனால் நம் பக்கத்தில் பழி இன்னும் போகவில்லை. “ஆத்தாக்காரி வேலைக்குப் போனா, புள்ளை கையில போனைக் குடுத்தா, அதான்” என்று ஒறம்பரை வீட்டில் பேசுகிறார்கள். போன் பார்ப்பதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் ஆட்டிசம் அதனால் வருவதில்லை. கொடுக்க நினைப்பவர் முதலில் கொடுக்க வேண்டியது, அந்தத் தாய்மேல் பழி போடாத ஒரு பேச்சு.

“நம்மூர்ல எத்தன பேருக்குங்ணா இருக்கும்?”

2021-இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆயிரம் பிள்ளைகள் உள்ள இடத்தில் ஏழெட்டுப் பேர். நம் கண்ணில் படாததற்குக் காரணம், பலர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சிலர் வகுப்பில் ‘சேட்டைக்காரன்’, ‘ஊமைக் கோட்டான்’ என்ற பெயரில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ரோட்டில் ஒரு காங்கேயம் காளையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை பொதுவாக என்ன செய்யும்? விரலை நீட்டி மாட்டைக் காட்டும். உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். ‘நீயும் பாத்தியா?’ என்று கேட்கிற பார்வை அது. ஆட்டிசம் உள்ள குழந்தை பெரும்பாலும் இதைச் செய்யாது. அதற்கு பிஸ்கட் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டப்பாமேல் வைக்கும். விரலால் காட்டாது, முகத்தைப் பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, வந்த பேச்சு நின்றுபோவது ஆகியவையும் அறிகுறிகள். ‘அவுங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’ என்று ஐந்து வயது வரை காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே காட்டிவிடலாம்.

“மருந்து மாத்திரை கெடையாதுங்களா?”

ஆட்டிசத்தையே போக்குகிற மருந்து இல்லை. வலிப்போ தூக்கமின்மையோ கூட இருந்தால் அதற்கு மருத்துவர் மருந்து தருவார். இதைக் கொடையாளிகள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். ஏனென்றால் ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் பையன் சரியாகிவிடுவான், சில லட்சம் வேண்டும்’ என்று உதவி கேட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. அந்தச் சிகிச்சை ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்டதல்ல. தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. கடன் வாங்கித் தோற்ற குடும்பத்துக்கு அடுத்த வருடம் பள்ளிக் கட்டணம் கட்டவும் கையில் காசு இருக்காது. இந்தக் குழந்தைகளுக்குப் பலன் தருவது பயிற்சியும் படிப்பும்தான்.

“பேச்சே வராத புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க?”

இந்த இடத்தில்தான் நான் இரண்டாவது டீ சொன்னேன்.

ஐந்து வயதுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இல்லை. தாகம் எடுக்கிறது. எப்படிக் கேட்பான்? அழுவான், அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் தலையைச் சுவரில் முட்டுவான். பார்க்கிறவர்கள் ‘முரடன்’ என்பார்கள். அவனுக்கு ‘தண்ணி’ என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடம்.

டீச்சர் அவனுக்கு எதிரே உட்காருகிறார். கையில் ஒரு டம்ளர் தண்ணீர், கண்ணுக்குத் தெரியும்படி. நடுவில் டம்ளர் படம் போட்ட ஒரு சிறிய அட்டை. பையனுக்குப் பின்னால் இன்னொருவர். அவன் டம்ளரை நோக்கிக் கையை நீட்டுகிறான். பின்னால் இருப்பவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, அட்டையை எடுக்கவைத்து, டீச்சரின் உள்ளங்கையில் வைக்கவைக்கிறார். அட்டை கையில் விழுந்த கணமே டீச்சர் ‘தண்ணி! தண்ணி வேணும்!’ என்று சொல்லி டம்ளரைக் கொடுத்துவிடுகிறார். ஒரு நொடி தாமதித்தாலும் பாடம் கெட்டுவிடும். மறுபடி அதே. மறுபடி அதே. நாட்கள் போகப் போகப் பின்னால் இருப்பவரின் பிடி மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் போகும். பிறகு தொடவே மாட்டார். அடுத்து டீச்சர் இரண்டு அடி தள்ளி உட்காருவார். பையன் அட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வரவேண்டும். பிறகு டம்ளர் படத்தோடு செருப்புப் படத்தையும் வைத்து, எது தண்ணீர் என்று பார்த்து எடுக்கவைப்பார்கள்.

1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் வகுத்த முறை இது. ‘அட்டையைக் குடுத்துப் பழக்கிட்டா அப்புறம் பேச்சே வராதே’ என்று பெற்றவர்கள் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு பேச முயல்கிற பிள்ளைகளும் உண்டு. பேச்சு வந்தாலும் வராவிட்டாலும், தலையை முட்டிக்கொண்ட பையன் அட்டையைக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்பதே அந்த வீட்டில் பெரிய மாற்றம்.

சுவரில் படவரிசை ஒட்டுவது இன்னொரு முறை. 1972-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் தொடங்கிய திட்டம் அதை உலகெங்கும் பரப்பியது. பாய், பாட்டு, தண்ணீர், எழுத்து, சோறு, வேன் என்று அன்றைய நாள் முழுவதும் படமாக மேலிருந்து கீழாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்று முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தைப் பிய்த்து ‘முடிந்தது’ என்ற டப்பாவில் போடும். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிவதால் பாதி அழுகை குறையும்.

“இப்பச் சொல்லுங்க தம்பி, இதுல செலவு எங்க இருக்குது?”

அவர் யோசித்தார். “அட்டைக்கும் டப்பாக்கும் ஒண்ணும் பெருசா ஆகாதுங்ளே. ஆளுக்குத்தானுங்க.”

சரியாகப் பிடித்துவிட்டார். ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொடுக்க முதலில் இரண்டு பேர் வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் அப்படி வேண்டாம் என்றாலும், ஐந்து பிள்ளைக்கு ஒரு டீச்சராவது இல்லாமல் காரியம் நடக்காது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இருபது பிள்ளைகள், நாலு டீச்சர். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 80,000, வருடத்துக்கு 9,60,000. ஆயா சம்பளம், பேச்சுப் பயிற்சியாளர், வாடகை, வேன், டீசல் எல்லாம் தனி. இந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் பலர் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால் பயிற்சி பெற்ற டீச்சர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரோடு பழகவே மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட பிள்ளை, புது முகத்தோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது அந்த இருபத்தைந்தாயிரத்தைப் பாருங்கள். விருந்தாகப் போனால் ஒரு மத்தியானத்தோடு தீர்ந்துவிடும். மாதம் 2,000 என்று பிரித்தால் வருடத்துக்கு 24,000. தம்பியைப் போல இன்னும் ஒன்பது களத்துக்காரர்கள் சேர்ந்தால் மாதம் 20,000. ஒரு டீச்சரின் சம்பளம் வருடம் முழுக்க நிற்காமல் போகும். மீதி ஆயிரத்துக்கு வீட்டிலேயே பையனுக்குக் கேக் வெட்டிக்கொள்ளலாம்.

அவர் சிரித்துவிட்டார். “தென்னங்கண்ணுக்கு ஒரே நாள்ல ஒரு லாரித் தண்ணி உட்டுட்டு அப்புறம் திரும்பிப் பாக்காம போற கதைதானுங்களே நாம பண்றது. சொட்டு நீர் போட்டாத்தானே பொழைக்கும்.”

தென்னையோடு வாழ்கிற அவரைவிடத் தெளிவாக இதை யாரும் சொல்ல முடியாது.

“சரீங்ணா, இதெல்லாம் அரசாங்கம் பண்ண வேண்டியதில்லீங்களா?”

பண்ண வேண்டியதுதான், சட்டமும் இருக்கிறது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம். ‘உங்க பையனை இங்க சேக்க முடியாது’ என்று அரசுப் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ குறைபாட்டைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு. அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன.

ஆனால் தேவைக்கு ஆள் போதாது. தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்பது மத்திய அரசு 2022-இல் வகுத்த அளவு. அப்படி ஓர் அளவு வகுக்கச் சொல்லி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அது வந்தது. 2025 மார்ச்சிலும் பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு நீதிமன்றம் மறுபடி நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றிவந்தால் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

அதனால் தர்மம் செய்கிறவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. இடைவெளியை நிரப்புவது ஒன்று. அரசு தருவதை அந்தக் குடும்பத்துக்கு வாங்கிக்கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பணமே வேண்டாம், நேரம் போதும்.

முதலில் சான்றிதழ். இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க ‘ஐ.எஸ்.ஏ.ஏ.’ என்ற அளவுகோல் இருக்கிறது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. அந்தச் சான்றை வைத்துத்தான் தனித்துவ அடையாள அட்டை. அட்டை இருந்தால்தான் உதவித்தொகை, பயணச் சலுகை எல்லாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை உண்டு; பேச்சுப் பயிற்சி போன்ற சிகிச்சைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. இத்தனைக்கும் படிவம் நிரப்பி, மருத்துவமனையிலும் திருப்பூர் கலெக்டர் ஆபீசிலும் வரிசையில் நிற்க வேண்டும். அமைதியாக நிற்க முடியாத பிள்ளையை ஒரு கையிலும் பைலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயோடு துணைக்கு ஒருவர் போனால் அதுவே பெரிய உதவி.

போக்குவரத்தையும் யாரும் நினைப்பதில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போவதென்றால் பஸ்தான். நம் ஊர்த் தனியார் பஸ்ஸில் பாட்டு அலறும். ஏர் ஹாரன் அதற்கு மேல். பிள்ளை காதைப் பொத்திக் கத்தும். ஏறியிருக்கிறவர்கள் திரும்பிப் பார்த்து ‘அடக்க மாட்டியாம்மா?’ என்பார்கள். நாலு தடவை அப்படிக் கேட்ட தாய் ஐந்தாவது தடவை போகமாட்டார். பிள்ளைக்காகப் பனியன் கம்பெனி வேலையையும் விட்டிருப்பார். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து போக ஒரு வேனுக்கு மாத வாடகை கட்டினால் பாதியில் நின்ற பயிற்சிகள் தொடரும்.

இப்படித் தொடர்ந்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. கோவையில் பூ.சா.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தைப் பிரித்தபோது நாலு பங்காகப் பிரிக்கவில்லை. ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவதைத் தர்மத்துக்கு வைத்தார்கள். 1926-இல் அப்படிப் பிறந்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம் 1930-இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். இவர்கள் ஒரு நாள் விருந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் இன்று யாருக்கும் பெயர் தெரிந்திருக்காது. வருடா வருடம் சம்பளம் நிற்காமல் போக வழி செய்தார்கள். அதனால் ஏறத்தாழ நூறு வருடமாகப் பள்ளி நடக்கிறது.

அந்த வித்யாலயம் இருக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில்தான் இன்று விவேகானந்தா கல்வி நிறுவனம் சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்விப் படிப்பு உண்டு. எனவே இன்னொரு வழி சொன்னேன்: காங்கேயம், வெள்ளகோவில், ஊதியூர் பக்கத்தில் டிகிரி முடித்துவிட்டு வசதியில்லாமல் இருக்கிற ஒரு பெண்ணைச் சிறப்புக் கல்வி பி.எட். படிக்கவையுங்கள். கட்டணமும் விடுதிச் செலவும் நீங்கள் கட்டுங்கள். படித்து வந்த பிறகு நம் பக்கத்திலேயே வேலை செய்யக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வருகிற டீச்சர் ஒரு வருடத்தில் கிளம்பலாம். உள்ளூர் அம்மிணி நிற்பார்.

“இந்த மாதிரி கிராமத்துல யாராச்சும் பண்ணிக் காட்டியிருக்காங்களாங்ணா?”

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் காட்டியிருக்கிறார்கள். கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் பின்னர் சேர்ந்துகொண்டார். எல்லாப் பிள்ளைகளும் ஆய்க்குடிக்கு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அந்தப் பணியாளர் வீட்டில் உட்கார்ந்து தாய்க்கே பயிற்சி கொடுப்பார். பிள்ளையின் முன்னேற்றத்தைச் செல்போன் செயலியில் பதிவார். தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்வார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரிய கட்டிடம் கட்ட முடியாத ஊரிலும் இந்த முறை நடக்கும். வாரத்தில் இரண்டு மணி நேரம் டீச்சர் சொல்லித்தருவதை, மீதி நாளெல்லாம் கூட இருக்கிற தாயும் அப்பத்தாவும் தொடர்ந்து செய்யக் கற்றுக்கொண்டால் பலன் பல மடங்கு.

“ஏமாத்தறவங்களும் இருப்பாங்களே. எப்படீங்ணா கண்டுபுடிக்கறது?”

கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா? டீச்சர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கிறதா? 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பெற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறார்களா? வருடக் கணக்கைத் தணிக்கை செய்கிறார்களா? பிள்ளையை அடிப்பதோ கட்டிவைப்பதோ இல்லை என்று பெற்றவர்களிடமே தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘குணமாக்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்கிற இடமாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வருடத்துக்கு ஐந்து கோடி நிகர லாபம் பார்க்கிற கம்பெனியாக இருந்தால், சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமே சொல்கிறது. சிறப்புக் கல்வியும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறது.

போட்டோ மட்டும் கேட்காதீர்கள். கொடுத்ததற்கு ரசீது போதும். உங்கள் பிள்ளையின் முகத்தை எந்த பேனரில் போடச் சம்மதிப்பீர்களோ, அந்த பேனரில் மட்டும் அவர்கள் பிள்ளையின் முகத்தைப் போடலாம்.

கடைசியாக அவர் கேட்டது முக்கியமான கேள்வி. “பதினெட்டு வயசுக்கப்புறம் அந்தப் புள்ளைங்க என்னங்ணா பண்ணும்?”

பள்ளி முடிகிற அன்று பெற்றவர்களுக்குப் பயம் தொடங்குகிறது. சட்டப்படி காப்பாளரை நியமிக்கக் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் ஒரு சதவீதம் ஆட்டிசம் போன்ற பிரிவுகளுக்கு. ஆனால் காங்கேயத்தில் வேலை கொடுக்கிறவர் அரசு மட்டுமல்ல. கொப்பரையைத் தரம் பிரிப்பது, பாக்கெட்டை எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்குவது, லேபிள் ஒட்டுவது என்று வரிசை மாறாத வேலைகள் ஒவ்வொரு களத்திலும் ஆலையிலும் இருக்கின்றன. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் பிடிப்புள்ள ஓர் இளைஞனுக்கு, சத்தம் குறைந்த ஒரு மூலையும் வேலையை வரிசையாகக் காட்டுகிற படத்தாளும் கொடுத்தால், அதில் சிலவற்றைக் குறையில்லாமல் செய்வான். கூலியை மட்டும் மற்றவருக்குக் கொடுக்கிற அதே கணக்கில் கொடுக்க வேண்டும். பள்ளியில் பதினைந்து வருடம் கொடுத்த படிப்புக்கு அங்கேதான் பொருள் கிடைக்கும்.

உங்கள் ஊரிலும் பக்கத்தில் எங்கோ ஒரு சிறப்புப் பள்ளியோ, ஆட்டிசப் பிள்ளை படிக்கிற சாதாரணப் பள்ளியோ இருக்கும். அடுத்த பிறந்த நாளுக்கோ, பெரியவர் திதிக்கோ அங்கே போன் செய்யும்போது ‘எத்தனை பேருக்குச் சாப்பாடு?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த மாசம் டீச்சருக்குச் சம்பளம் போட்டாச்சுங்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் பணம் முதலில் அங்கே போகட்டும். மூன்று வருடமாவது மாதம் தவறாமல் போகட்டும்.